மாடு குளிர்ந்துச்சா?

அக்காவின் கை எப்போதும் எதையாவது தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். அடுப்பைத் திருகி மூடிய பிறகு பர்னர் மேல் ஒரு தடவை. சிலிண்டர் வாயில் ஒரு தடவை. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்த பிறகும் அதன் வயிற்றில் ஒரு தடவை. கண்ணால் பார்த்தது அவருக்குப் போதாது.

"பார்த்துட்டீங்களேக்கா, அப்புறம் இன்னாத்துக்குத் தொடுறீங்க?" என்று நான் கேட்பேன்.

"பார்த்தது மறந்துடும்டி. சுட்டது மறக்காது" என்பார்.

அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். வயதில் என் அம்மாவைவிடக் கொஞ்சம்தான் சின்னவர். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில், கம்பெனிகள் முடிகிற இடத்தில் இருந்த ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவர் சமையலையும் வீட்டையும் பார்த்துக்கொண்டார். நான் அவருக்குக் கூடமாட இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த இன்ஜினியர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பனி பெய்கிற ஊர்க்காரர்கள். சித்திரை வெயிலில்கூட ஆவி பறக்கிற தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவார்கள். அந்தத் தண்ணீருக்காகவே அவர்கள் ஊரிலிருந்து ஒரு கேஸ் பாய்லர் வந்து, சமையல்கட்டுக்குப் பின்னால், கம்பி கிரில் போட்ட இடுக்கில் சுவரோடு மாட்டப்பட்டிருந்தது. வெள்ளையாக, ஒரு சின்ன அலமாரி அளவு. அதிலிருந்து சூடு தண்ணீர் மாடிக் குழாய்களுக்குப் போய்ச் சுற்றித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். யார் எப்போது திறந்தாலும் உடனே சூடாக வரும்.

அக்கா பயந்தது அந்த வெள்ளைப் பெட்டிக்குத்தான். பாம்புக்கு, பேய்க்கு, முதலாளிக்கு எதற்கும் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை சாக்கடையிலிருந்து வந்த நல்ல பாம்பிடம், "போய்ட்டு வா தாயே, இங்க ஆள் நடமாட்டம் ஜாஸ்தி" என்று நின்று பேசியவர் அவர். ஆனால் அந்தப் பெட்டிக்குள் தீ 'குப்'பென்று பிடிக்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிடுவார். "முருகா" என்பார். பிறகு பின்பக்கம் போய், மாடியில் யாரும் குளிக்கவில்லை என்று தெரிந்தால் சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடுவார்.

நிறுத்திவிட்டு வந்து, "குளிர வச்சுட்டேன்" என்பார்.

எங்கள் பக்கத்தில் சாமி விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். அது அபசகுனம். குளிர வை என்போம், மலையேறிடுச்சு என்போம். அக்காவோ ஒரு படி மேலே. அடுப்பு, கொசுவர்த்தி, கற்பூரம், குப்பை எரிக்கிற நெருப்பு, எதுவானாலும் அவர் வாயில் அந்த வார்த்தை வராது. வேறு யாராவது சொன்னாலும் வாயிலேயே அடிப்பதுபோல் கையை ஓங்குவார். "நெருப்பு எங்க இருந்தாலும் ஒரே சாமிதான். அதுக்குக் காது கேக்கும்" என்பார். பாய்லரையும் அதனால்தான் குளிர வைத்தார்.

ஆனால் பாய்லர் அடிக்கடி மக்கர் செய்தது. காலையில் பத்தவைத்தால் பிடிக்காது, 'டிக் டிக்' என்று பொறி மட்டும் அடிக்கும். இன்ஜினியர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சிலிண்டரும் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரு இதை இத்தினி வாட்டி ஆஃப் பண்றது?" என்றார்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நாந்தான். இப்ப இன்னா அதுக்கு?" என்றார்.

"அம்மா, இது பழைய காலத்து பாய்லர் மாதிரி ஒரே தீயா எரியறது இல்ல. எவ்ளோ சூடு தேவையோ அவ்ளோதான் எரியும். நாலு பேர் குளிச்சா பெரிய தீ. ஒருத்தர் கை கழுவினா சின்ன தீ. அதுவே கூட்டிக்கும், அதுவே கொறச்சிக்கும். இதுக்குப் பேரு மாடுலேஷன்."

"மாடா?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். "மாடுன்னே வச்சுக்கங்க. வயித்துக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் திங்கும். மீதிய தொட்டியில வுட்டுடும். நீங்க இன்னா பண்றீங்க, அது நிம்மதியா அசைபோட்டுக்கினு இருக்கறப்ப பட்டுன்னு அடிச்சு எழுப்பி வெளிய ஓட்டுறீங்க. திரும்ப உள்ள இட்டாரீங்க. ஒவ்வொரு தடவையும் பத்தறதுக்கு முன்னாடி அது காத்தை ஊதி, உள்ள இருக்கிற சூட்டை எல்லாம் வெளிய தள்ளிட்டுத்தான் பத்தும். அதுல கேஸ் வீண். உள்ள இருக்கிற தகடு சூடாயி விரியும், ஆறிச் சுருங்கும், திரும்ப விரியும். ஒரு நாளு வெடிப்பு வுட்டுடும். பொறி அடிக்கிற ஊசி பாருங்க, தேஞ்சே போச்சு."

"சின்னதா எரிஞ்சா கேஸ் வீண் இல்லையாப்பா?"

"அதுதான்மா நல்லது. தீ சின்னதா எரிஞ்சா சூடெல்லாம் நிதானமா தண்ணிக்குப் போவும். புகை ஆறிப்போயி வெளிய வரும். பெருசா எரிஞ்சா பாதி சூடு புகையோட போயிடும்."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையையும் ஆட்டினார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரியாத்தான்பா இருக்கும். ஆனா பெரிய தீ மூஞ்சிக்கு நேரா வரும், எந்திரிச்சு ஓடிடலாம். சின்ன தீ பக்கத்துல வந்து படுத்துக்கும்."

மெக்கானிக் தேய்ந்த ஊசியை மாற்றினார். கிரில் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயைக் காட்டி, "சின்ன தீயால ஒன்னும் ஆவாது. இந்த வாய் மட்டும் எப்பவும் தொறந்திருக்கணும். அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அக்கா ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார். ஆட்கள் வீட்டில் இருக்கிற நேரம் பெட்டி அது பாட்டுக்கு எரியலாம். எல்லாரும் கம்பெனி பஸ் ஏறிய பிறகு ஒரே ஒரு தடவை குளிர வைப்பது. சாயங்காலம் திரும்ப ஏற்றுவது. மக்கர் நின்றது. சிலிண்டரும் தாக்குப்பிடித்தது. பெட்டிக்கு மாடு என்று பேர் நிலைத்துவிட்டது.

ஆனால் அக்காவின் பயம் போகவில்லை. முன்பு சுவிட்சிடம் போனவர் இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பின்கதவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். பூண்டு உரிப்பது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் அங்கேதான். பெட்டியின் முகப்பில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் நீலமாக ஒரு பொட்டுத் தெரியும். தண்ணீர் திறந்தால் பொட்டு விரியும், மூடினால் சுருங்கும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விரியும்போது அவர் முகம் சாதாரணமாக இருக்கும். சுருங்கும்போதுதான் கையில் கத்தி நிற்கும்.

அப்படி ஒரு நாள் நின்றபோதுதான் தங்கையைப் பற்றிச் சொன்னார். அதற்கு முன்பு சொன்னதில்லை, பின்பும் ஒரே ஒரு தடவைதான்.

தங்கைக்குக் கம்பெனிக்காரர்களுக்கென்று புதிதாகக் கட்டிய வரிசை வீட்டில் ஒரு போர்ஷன். குளியலறை கைக்குட்டை அளவு. அதற்குள்ளேயே கேஸ் கீசர். கொசு வருகிறது என்று ஜன்னல் ஓட்டையில் துணியை அடைத்திருந்தார்கள். அக்கா அன்றைக்கு விருந்துக்குப் போயிருந்தார்.

"நான் வெளிய கீரை ஆஞ்சுகினு இருந்தேன்டி. உள்ள பாடிக்கினே குளிச்சா. ரொம்ப நேரமாவுதே, கேஸ் வச்சிருக்கியே, பயமா இல்லியான்னேன். 'சிம்லதாங்கா வச்சிருக்கேன்'ன்னா. சிரிச்சா. அப்பறம் பாட்டு நின்னுச்சு. தண்ணி வுழற சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சு. குளிக்கிறா, குளிக்கிறான்னு நான் கீரைய ஆஞ்சுகினே இருந்தேன்."

நின்ற கத்தியை அக்கா திரும்ப வெங்காயத்தில் இறக்கினார். பெட்டிக்குள் நீலப்பொட்டு ஸ்ஸ் என்று இருந்தது. அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அக்கா வெளியே எங்கே போனாலும் போன் செய்வார். ரேஷன் கடையிலிருந்து, கல்யாண மண்டபத்திலிருந்து, பஸ்ஸிலிருந்து. சாப்டியா, இன்னா பண்ற என்று எதுவும் கிடையாது. எடுத்தவுடன், "மாடு குளிர்ந்துச்சா?" குளிர்ந்துச்சுக்கா என்றால் வைத்துவிடுவார். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் இதைக் கேட்டுவிட்டு, "காய்ச்சலாம்மா மாட்டுக்கு? வேளைக்கு எவ்ளோ கறக்குது?" என்று விசாரித்தாராம். அக்கா கொஞ்சமும் சிரிக்காமல், "சூடாத்தாம்பா கறக்குது" என்றாராம். வாட்ச்மேன் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் சிரித்தார்.

இன்ஜினியர்களில் ஒருவரை நாங்கள் சின்ன சாரு என்போம். முகத்தில் பால் வடியும். தமிழ் பேச ரொம்ப ஆசை. வாட்ச்மேன் அண்ணன்தான் அவருக்குக் குரு. ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைக் காட்டி, "குளிர் தண்ணி" என்பார். "அக்கா, குழம்பு சூடு, சூப்பர்" என்பார். பின்பக்கப் பெட்டியைக் காட்டி "மாடு" என்று சொல்லி, இரண்டு விரலைத் தலையில் கொம்பாக வைத்துக் காட்டுவார். அக்காவுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

அது ஐப்பசி மாதம். விடாத மழை. சாரல் கிரில் வழியாக அடித்துச் சமையல்கட்டெல்லாம் சேறாகிறது என்று வாட்ச்மேன் அண்ணன் அன்று காலை இன்ஜினியர்கள் பஸ் ஏறியதும் ஒரு நீலத் தார்ப்பாயை வெளிப்பக்கமாக இறுக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் உள்ளே வராததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம். தார்ப்பாய்க்குப் பின்னால் எது மறைந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

அன்று கிருத்திகை. எனக்கும் அக்காவுக்கும் விரதம். அக்கா குன்றத்தூர் மலைக்குக் கிளம்பினார். மழையானாலும் கிருத்திகைக்கு முருகனைப் பார்க்காமல் இருக்க மாட்டார். மற்றவர்கள் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சின்ன சாருக்கு மட்டும் காய்ச்சல், லீவு. நான் மாடி அறைகளில் அழுக்குத் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அக்கா போகிற அவசரத்தில், ஹாலில் சோபாவில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்ன சாரிடம் பின்பக்கம் கையைக் காட்டி, "சாரு, மாட்டைக் குளிர வச்சுடு" என்று சொல்லிவிட்டு ஓடினார். நான் இறங்கி வந்தபோது சின்ன சாரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "அக்கா சொன்னா. மாடு குளிர். ஓகே."

நான் சமையல்கட்டில் உட்கார்ந்து ராத்திரிக்கு வேண்டியதை அரிந்துகொண்டிருந்தேன். முன்பக்க ஜன்னலெல்லாம் மழைக்குச் சாத்தியிருந்தது. பின்கதவு எப்போதும்போலத் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தலை பாரமாக இருந்தது. விரதம் இருந்தால் எனக்குத் தலை வலிக்கும், அதுதான் என்று நினைத்தேன். நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டேன். வயிற்றைப் புரட்டியது. வெறும் வயிறுதானே என்று நினைத்தேன். கண் சொருகியது. முருகா, உனக்காகத்தானே பட்டினி கிடக்கிறேன், தாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். பயமே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அவ்வளவு சுகமாக இருந்தது.

போன் அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது போலிருக்கிறது. எடுத்தால் மறுமுனையில் மேளமும் மணியும் கூட்டத்தின் இரைச்சலும்.

"மாடு குளிர்ந்துச்சா?"

"குளிர்ந்துச்சுக்கா."

"இன்னாடி கொழகொழன்னு பேசுற?"

"ஒன்னுமில்லக்கா. விரதம்ல. தலை சுத்துது. தூக்கம் தூக்கமா வருது."

பிறகு அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது. "சின்ன சாரு எங்க?"

"தூங்குறாருக்கா."

"நீ எந்திரிச்சுப் போயி மாட்டு மேல கைய வை."

"அதான் குளிர வச்சுட்டாருன்னு..."

"கைய வைடீ!"

எழுந்தேன். கால் என்னுடையது மாதிரி இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனேன். தார்ப்பாயால் அந்த இடமே நீலமாக இருந்தது. பெட்டியின் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்பாக, உயிருள்ள உடம்பு மாதிரி இருந்தது. கண்ணாடியில் அந்தப் பொட்டு. கடுகளவு. நீலத்தில் ஓரமாய் மஞ்சள் தட்டியிருந்தது.

"எரியுதுக்கா" என்றேன். "கொஞ்சமாத்தான். சிம்லதாங்கா இருக்குது."

அக்கா கத்தினார். மேளம், மணி, அரோகரா எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்தது அந்தக் குரல்.

"அணை! அணைடீ! அணைச்சுட்டு வெளிய ஓடு! மழையில போயி நில்லு! அவரை இழுத்துகினு ஓடு! அணைடீ!"

அக்காவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததால்தான் எனக்கு உறைத்தது. வேறு எந்த வார்த்தை சொல்லியிருந்தாலும் நான் மறுபடி சுவரில் சாய்ந்திருப்பேன். சுவிட்சை அடித்தேன். முன்கதவைத் திறந்து வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. அவர்தான் சின்ன சாரைப் போர்வையோடு இழுத்து வந்து போர்டிகோவில் போட்டார். சின்ன சாரு முகத்தில் மழை விழுந்தும் கண் திறக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறுகிறதா, இறங்குகிறதா. முருகா, ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஏறுகிறதா, இறங்குகிறதா.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்குச் சாயங்காலமே தெளிந்துவிட்டது. சின்ன சாரு மறுநாள்தான் கண் விழித்து ஆளை அடையாளம் கண்டார். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, ஊசி குத்திய கையைத் தூக்கி, காற்றில் ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார். "குளிர்" என்று ஒரு அமுக்கு. "குளிர்" என்று இன்னொரு அமுக்கு. நிறுத்தச் சொன்னது அவருக்குத் தெரியவில்லை. சூட்டை ஒவ்வொன்றாகக் குறைத்துக் குறைத்துக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அக்கா சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். அந்தக் கடைசி எண்ணில் மாடு அதன் குணப்படி, ரொம்பச் சின்னத் தீயாக, நிற்காமல் எரிந்துகொண்டே இருந்தது. புகைக்குழாயின் வாயைத் தார்ப்பாய் மூடியிருந்தது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்து எரிந்து, வாசனையே இல்லாத விஷக்காற்றை வீட்டுக்குள் விட்டிருக்கிறது என்று மெக்கானிக் வந்து பார்த்துச் சொன்னார். வாட்ச்மேன் அண்ணன் அன்று தார்ப்பாயைக் கத்தியால் கிழித்தார். கட்டிய முடிச்சை அவிழ்க்க அவர் கை வரவில்லை.

அக்கா குன்றத்தூரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். நனைந்த புடவை. என் நெற்றியைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார், உள்ளங்காலைத் தொட்டார். சின்ன சாரின் காலையும் தொட்டுப் பார்த்தார். சூடு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

"தீபாராதனை காட்டுற நேரம்டி" என்றார். "எல்லாரும் கைகூப்பிக்கினு கீறாங்க. தட்டுல தீ மேல ஏறுது. நான் அணை அணைன்னு கத்திட்டேன். சாமி மூஞ்சிக்கு நேரா. பக்கத்துல இருந்தவங்க என்னைப் புடிச்சுத் தள்ளிட்டாங்க. குருக்கள் திரும்பிப் பார்த்தாரு."

"உசுரைக் காப்பாத்தத்தானேக்கா கத்தினீங்க. முருகனுக்குத் தெரியாதா?"

"தெரியும்டி. தெரியும்." பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். மழையில் ஊறிக் கூழாகியிருந்தது. அதையே எனக்கு இட்டுவிட்டார். "என் தங்கச்சிகிட்ட அன்னிக்கே இந்த வார்த்தையச் சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா. 'குளிர வையேன்டி'ன்னு செல்லமாத்தான் சொன்னேன். அவ சிம்ல வச்சுட்டா."

அதற்குப் பிறகு அக்கா அந்த வீட்டில் ரொம்ப நாள் இருக்கவில்லை. பெட்டி எரிகிற வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாலாஜாபாத் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். நானும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டேன். ஆனால் அவர் போன் மட்டும் நிற்கவில்லை. என் வீட்டில் பாய்லரும் கிடையாது, கீசரும் கிடையாது. ஒரு கேஸ் அடுப்புதான். அதற்கே தினமும் சாயங்காலம் போன் வரும். கேள்வி மட்டும் மாறியிருந்தது.

"அணைச்சியா?"

"அணைச்சாச்சுக்கா."

"கைய வச்சுப் பார்த்தியா?"

"பார்த்துட்டேங்கா."

வைத்துவிடுவார். ஒரு தை மாதத்தில் அந்த போனும் நின்றது. மகள்தான் தகவல் சொன்னாள். தூக்கத்திலேயே போய்விட்டாராம். தலைமாட்டு விளக்கை மட்டும் யாரையும் தொடவிடாமல், தானாக மலையேறும் வரை மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

கிருத்திகைக்குக் கிருத்திகை நான் குன்றத்தூருக்குப் போகிறேன். படி ஏறும்போதே என் கை போனைத் தேடும். எனக்கும் மருமகள் வந்து, மாட்டுக் கதையெல்லாம் கேட்டுவிட்டாள். வீட்டில் அவளைக் கூப்பிட்டு, அணைச்சியா என்று கேட்பேன். "அத்தே, மாட்டை நல்லா தேச்சுக் குளிப்பாட்டிட்டேன், நீங்க சாமியப் பாருங்க" என்று அவள் கேலி பேசுவாள். பேசட்டும். "கைய வைம்மா" என்பேன். அவள் கையை வைத்துவிட்டுச் சொல்லும்வரை வரிசையில் நகர மாட்டேன்.

பிறகு திரை விலகும். தட்டில் தீ மேலே ஏறும். கூட்டம் மொத்தமும் அரோகரா என்று கையைத் தூக்கும். நானும் தூக்குவேன். அந்தச் சத்தத்துக்குள், யார் காதிலும் விழாதபடி, முருகனுக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

"அணைச்சாச்சுக்கா."